பொன் பொட்டு

மருதாள் வீட்டு ஆண்கள் யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் சாகிறவர்கள். அவள் புருஷன் நாற்பத்தொன்றில், வயலுக்கு மடை திருப்பிக்கொண்டிருந்தபோதே போனார். மூத்த மகன் சென்னியப்பன் முப்பத்தெட்டில், கம்பெனி வேனில் ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே. "நோகாமப் போயிட்டான், புண்ணியவான்" என்று ஊரே மெச்சியது. இளையவன் முகிலன்தான் முப்பத்தாறில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தும் பிழைத்துத் தொலைத்து, குடும்பப் பெயரைக் கெடுத்துவிட்டான்.

கொலஸ்ட்ரால் முந்நூற்றெண்பது. டாக்டர் மாத்திரை எழுதினார். கறி, முட்டை கூடாதென்றார். முகிலன் ஒல்லிக்குச்சி, கறி தின்பதே அபூர்வம். பழி அவன் மனைவி சித்ரகலாவின் கடலை எண்ணெய் மேல் விழுந்தது. மாமனார் செத்தபோது நான் மூன்றாங்கிளாஸ் படித்துக்கொண்டிருந்தேனே என்று அவள் கேட்கவில்லை. மருமகள்கள் கேட்காமல் விடுகிற கேள்விகளால்தான் பல குடும்பங்கள் நிம்மதியாக இருக்கின்றன.

அப்பா, மகன்கள் என்று மூன்று பேருக்கும் இமையோரம் மஞ்சளாக ஒரு தடிப்பு. "பொன் பொட்டு, எங்க வம்சத்துக்கே உண்டு" என்று பெண் பார்க்க வந்த அன்றே மருதாள் பெருமைப்பட்டாள். சித்ரகலாவும் வெட்கத்தோடு மாப்பிள்ளையின் கண்ணைத்தான் பார்த்தாள். அது தோலடியில் படிந்த கொலஸ்ட்ரால் என்று ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னது இப்போதுதான்.

அவளுக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஒரு பீஸில் ஓட்டை தெரிந்தால் அதை மட்டும் ஒதுக்கிவிட்டு டீ குடிக்கப் போக முடியாது. அதே லாட் துணியில் தைத்த அத்தனையையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பதினோரு வருடமாக வெளிநாட்டுக்காரன் பனியனுக்கு அவள் காட்டிவந்த அக்கறை அது. சொந்த வீட்டில் மூன்று ஓட்டை விழுந்த பிறகுதான் உறைத்தது: ஒன்பது வயது மகளும் அதே லாட். அவளுக்கும் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று மாமியாரிடம் சொன்னாள்.

"அவளுக்குப் பொட்டே இல்லியே கண்ணு. பச்சப்புள்ளையப் போயி ஊசில குத்தோணுமா? நாளைக்குக் கட்டிக்குடுக்கறப்ப சீக்காளிம்பாங்க" என்றாள் மருதாள்.

"கட்டிக்குடுக்க மொதல்ல உசுரோட இருக்கோணுமுங்க அத்தை."

முகிலன் சுவரைப் பார்த்தான். வலி நின்ற மாதமே மாத்திரையையும் நிறுத்தியிருந்தான்.

லேப்பில் இருந்த பெண் சிரித்தாள். "கொழந்தைக்கு எதுக்குங்க கொலஸ்ட்ரால்? டாக்டர் எழுதலீங்களே."

"எழுதாட்டி என்னங்க. எடுங்க."

முந்நூற்றுப் பத்து.

சித்ரகலாவுக்குள் முதலில் எழுந்தது, ஓட்டையைப் பிடித்துவிட்டவளின் சின்னச் சந்தோஷம். மாமியாரிடம் நேராக நீட்டலாம் என்று நினைத்தாள். அதற்குள், ஊசி குத்திய முழங்கையைத் தடவியபடி மகள் கேட்டாள், "நான் பாஸாம்மா?" அந்தச் சந்தோஷத்தை எங்கே ஒளிப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.

காகிதத்தை முகிலனிடம்தான் கொடுத்தாள். அவன் படித்துவிட்டு, அலமாரியில் தூசி படிந்திருந்த மாத்திரை அட்டையை எடுத்தான்.

"புள்ளைக்கும் இதேதானா?"

"டாக்டர் சொல்லுவாருங்க. நீங்க முழுங்குங்க."

விழுங்கினான். மருதாள், மடத்துக்குளத்தில் தாயோடு இருக்கும் சென்னியப்பன் மகனுக்குப் போன் போடச் சொன்னாள்.

"பொட்டு வந்திருக்குதான்னு கேளு கண்ணு."

"கேட்டுத் தெரியறதில்லீங்க அத்தை" என்று சித்ரகலா எண்ணை அழுத்தினாள். "ஞாயித்துக்கெழமை வரச் சொல்றேன். வெறும் வயித்தோட."