இருபத்தொன்றாவது முத்து

ஆமணக்குக் காய் வெடிக்கும்போது விரலைச் சொடக்கியதுபோல ஒரு சத்தம் வரும். காய் மூன்றாகப் பிளந்து மூன்று முத்துகளும் ஆளுக்கொரு பக்கம் பறக்கும். விதைப் பண்ணைக்காக வீட்டின் பின் அறையில் குலைகளைக் காயவைப்பது என் வேலை. தட்டுகளின் மேல் வலை போடாமல் இருக்கமாட்டேன். ஒரு ரகம் இன்னொன்றோடு கலந்தால் பண்ணைக்காரர் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்.

ஊரிலிருந்து கைக்குழந்தை குண்டுவோடு வந்திருந்த தங்கை, வலை எதற்கென்று கேட்டபோதும், "ரகம் கலந்துடும்டி" என்று மட்டும்தான் சொன்னேன். முத்துக்குள் இருக்கும் விஷத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. தினமும் கையில் புரளும் சாமான், எனக்கே மறந்து போயிருந்தது.

மறுநாள் மதியம் குளித்துவிட்டு வந்தேன். சொடக்குச் சத்தம் கூடம் வரை கேட்டது. பின் அறைக் கதவு விரியத் திறந்திருந்தது. தட்டின் மேல் வலையைக் காணோம். கூடத்துப் பாயில் கிடந்தது.

"ஈ மொய்ச்சுது, குண்டு மேல போட்டேன்க்கா," என்றாள் தங்கை, சமையலறையிலிருந்து வந்தபடி. "இன்னிக்கு ஒரே ரகம்தானே இருக்கு? எதோட கலக்கப்போகுது?"

நியாயமான கேள்விதான். அவள் மகனோ வலையிலிருந்து எப்போதோ நழுவி, சுவரோரம் சமர்த்தாக உட்கார்ந்திருந்தான். பத்து மாதக் குழந்தை. கண்ணில் படுவதெல்லாம் வாய்க்குத்தான் போகும்.

"பிள்ளையத் தூக்குடி! அது விஷம்!"

அவள் முகம் வெளுத்துவிட்டது. பிள்ளையைத் தூக்கி வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினாள். ஒன்றுமில்லை. எனக்கு அப்போதும் நெஞ்சு ஆறவில்லை. தட்டில் வெடித்த காய்கள் ஏழு. அப்படியென்றால் முத்து இருபத்தொன்று. வாசற்படி, அலமாரி அடி, பாய்க்கு அடி என்று தவழ்ந்து தவழ்ந்து பொறுக்கினேன். இருபதுதான் கிடைத்தது.

"இதோ இருக்குக்கா!" தங்கை அழுதுகொண்டே சிரித்தாள். "கைக்குள்ள வெச்சிருக்கான் திருட்டுப் பய!"

போன உயிர் திரும்பி வந்தது எனக்கு. மூடிய பிஞ்சு விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.

உள்ளே பாதி முத்துதான் இருந்தது. எச்சில் ஈரத்தோடு, போன வாரம் முளைத்த இரண்டு பற்களின் தடமும் அதில் இருந்தது.

காலில் செருப்புகூட இல்லாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வழியெல்லாம் அவள் ஒன்றையே கேட்டுக்கொண்டு வந்தாள்.

"ரகம் கலந்துடும்னு சொன்னியே, இதை ஏன்க்கா சொல்லல?"