ஜூபிலிக்கு அர்த்தம்

குணசேகரனுக்கு மனிதர்களைப் பிடிக்காது; சொற்களைப் பிடிக்கும். அதிலும் இங்கிலீஷ் சொற்கள் என்றால் உயிர். திருவொற்றியூருக்கு வடக்கே, கடலோரம் இருந்த ஒரு வெள்ளைக்காரத் தொழிற்சாலையில் அவர் குமாஸ்தா. பக்கத்துக் குப்பத்துச் சனங்களை மனிதக் கணக்கிலேயே சேர்த்ததில்லை. கருவாட்டு நாற்றம் தாங்கவில்லை என்று ஆபீசின் கடல்பக்கத்து ஜன்னலை ஆணி அடித்து மூடிவைத்த மகானுபாவர் அவர்.

1951ஆம் வருஷம் ஆபீஸ் சூப்பிரண்டு ஓய்வு பெற இருந்தார். அந்த நாற்காலி குணசேகரனுக்கா, பக்கத்து மேஜைக் குமாஸ்தா மஜீதுக்கா என்பதைக் கம்பெனியின் வெள்ளி ஜூபிலி முடிந்ததும் சொல்வதாக மானேஜர் துரை வாய்விட்டிருந்தார். மஜீதுக்கு என்ன தெரியும்? கணக்கு வரும், அவ்வளவுதான். ஜூபிலி என்ற சொல் எந்த ஊரில் பிறந்தது என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பான். குணசேகரன் விழிக்கமாட்டார். விழாவில் ‘மகிழ்ச்சியைக் குறிக்கும் இங்கிலீஷ் சொற்கள்’ என்று பேசத் தானே போய்க் கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டார்.

விழாவுக்குக் குப்பத்தாரையும் கூப்பிட்டிருந்தார்கள். லட்டுக்காக வந்த கூட்டம் என்பது குணசேகரனின் அபிப்பிராயம். துரைமார் நாற்காலியில், தொழிலாளிகள் பெஞ்சில், குப்பத்தார் மணலில். முதலில் இங்கிலீஷில் பொழிந்தார். மெர்ரி என்ற சொல்லுக்கு ஆதியில் ‘குறுகியது’ என்று பொருளாம். சந்தோஷத்தில் பொழுது குறுகிவிடுகிறதாம். ஜோவியலாகச் சிரிப்பவன் வியாழக் கிரகத்தின் பிள்ளையாம். ரெவல் என்கிற கும்மாளமும் ரெபல் என்கிற கலகமும் ஒரே வயிற்றில் பிறந்தவையாம். துரைசானிகள் விசிறிக்குப் பின்னால் கொட்டாவி விட்டார்கள்.

அதோடு இறங்கியிருக்கலாம். இறங்குவாரா? மணலில் இருந்தவர்களுக்கும் தமிழில் ஞானம் ஊட்டக் கிளம்பினார். யூதர்கள் ஐம்பதாவது வருஷத்தில் ஆட்டுக்கடாவின் கொம்பை ஊதுவார்கள். அந்தக் கொம்பிலிருந்து வந்ததுதான் ஜூபிலி என்ற பேர். காதால் கேட்டால்தான் இந்த மண்டைகளில் ஏறும் என்று ஆலைச் சங்கை ஊதவே ஏற்பாடு செய்திருந்தார். கைக்குட்டையை அசைத்தார். சங்கு அலறி ஓய்ந்தது.

“ஜூபிலிச் சங்கு ஊதியாகிவிட்டது. இனி அடிமை விடுதலை அடைவான். கைமாறிப்போன நிலம் பழைய சொந்தக்காரனுக்கே திரும்பும். ஜூபிலி என்றால் அதுதான்.”

மணலில் சத்தமே இல்லை. தன் பேச்சின் மகிமை என்று நினைத்துக்கொண்டார். அந்தக் குப்பத்தில் பஞ்சாயத்து முடிவு எடுத்தால் சங்கு ஊதி ஒருவர் எழுந்து சொல்வார். சங்குக்குப் பிறகு சொன்ன சொல்லை எவரும் திரும்ப வாங்க முடியாது. அவர்கள் தலைமுறை தலைமுறையாக மீன் காயவைத்த மணலைத்தான் கம்பெனி வேலி போட்டு வளைத்துக்கொண்டிருந்தது. லத்தீன் வரை போன மனிதருக்குப் பக்கத்துக் குப்பத்துச் சங்கதி தெரியவில்லை.

மறுநாள் காலை துரையின் டென்னிஸ் மைதானத்தில் நெத்திலி காய்ந்தது. வேலிக் கம்பியைப் பிடுங்கி, ஒழுங்காகச் சுருட்டி ஓரமாக வைத்திருந்தார்கள்.

வராந்தாவில் நின்ற துரையின் முகம் கொதித்தது. “நீ கிளப்பிவிட்டது, நீயே போய் முடி. நாற்காலி விஷயம் அப்புறம்” என்றார்.

குணசேகரன் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினார். அவரைக் கண்டதும் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். ஆலை வாசலில் மீன் விற்கும் கோவிந்தம்மா, அவர் உட்காரத் தன் கூடையைக் கவிழ்த்துப் போட்டாள்.

“வா நைனா. எங்க வூட்டு ஆம்பளைங்க எத்தினி தபா போய் நின்னாங்க, எவனும் கண்டுக்கல. நீ ஒர்த்தன்தான் சங்கு ஊதி சொன்னே. இந்தா, வஞ்சிரம். வூட்டுக்கு எடுத்துகினு போ.”

ஜென்மத்தில் அவர் பேச்சை ஒருவரும் இப்படிக் கேட்டதில்லை. வஞ்சிரத்தை வாங்கிக்கொண்டார். அந்த வறண்ட நெஞ்சும் கொஞ்சம் குளிர்ந்துதான் போனது. பிறகு வராந்தாவைத் திரும்பிப் பார்த்தார்.

“அது அந்த வார்த்தையோட அர்த்தம்மா. எங்கேயோ, எந்தக் காலத்திலேயோ நடந்தது. வேலியைப் பழையபடி கட்டச் சொல்லு.”

“இன்னா நைனா, பேஜாரு பண்றே. சங்கு ஊதிட்டு நீ சொன்னது மெய்யா, பொய்யா? ஒண்ணு சொல்லு.”

மெய்தான். அவர் வாழ்க்கையில் கலப்படமில்லாத மெய் என்று ஏதாவது இருந்தால் அது அந்தச் சொற்கள்தான். பெண்டாட்டி பிள்ளைகளைக்கூடக் கவனிக்காமல் படித்துச் சேர்த்தவை.

“பொய்” என்றார்.

கோவிந்தம்மா கோபப்படவில்லை. வஞ்சிரத்தை அவர் கையிலிருந்து திரும்ப வாங்கி, புடவைத் தலைப்பால் நன்றாகத் துடைத்துக் கூடையில் போட்டாள்.

“வாரிகினு வாங்கடி. பொய்யாம். அவனே சொல்லிட்டான், கலீஜு.”

பெண்கள் நெத்திலியை அள்ளிக்கொண்டு போனார்கள். ஒருத்தியும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. துப்பக்கூட அவர்களுக்கு மனம் வரவில்லை.

வராந்தாவில் துரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். துரைசானி சிரித்தாள். தேநீர்த் தட்டோடு நின்ற பட்லர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான்.

“ஜூபிலிக்கு எவ்வளவோ செலவழித்தோம். அதில் நல்ல தமாஷ் நீதான், குணசேகரன்” என்றார் துரை, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

நாற்காலி யாருக்கென்று துரை இன்னும் சொல்லவில்லை. அதனால் குணசேகரனும் சிரித்தார்.