முழங்கால் நோ

"ஆருக்கம்மா என்ர முழங்கால் நோவைச் சொன்னனீங்கள்?"

"சிஞ்ஞோராவுக்குத்தான். சாந்தா ரொசாலியா கோயிலிலை உனக்காக மெழுகுதிரி கொளுத்தச் சொன்னன். போன கிழமை நாலு கோல் விட்டவருக்கு இப்பதான் கோவம் வருது!"

விதுரன் மால்டாவின் முதல்நிலை உதைபந்தாட்ட லீக்கில் கோல்காப்பாளன். நாளை பருவத்தின் கடைசி ஆட்டம். தோற்றால் அவன் அணி கீழ்நிலைக்கு இறங்கிவிடும். அம்மா ஞானாம்பிகை இத்தாலியின் பலெர்மோவில், தான் வேலை செய்யும் வீட்டு எசமானி சிஞ்ஞோராவின் சமையலறையில் நின்று கைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள்.

"அவவின்ர மகன் நேற்று இஞ்சை மால்டாவுக்கு வந்தவன்," என்றான் விதுரன். " பந்தயக் காசுக்காக நாளைக்கு நான் தோக்கவேணுமாம், கேட்டால் முழங்காலைச் சாட்டட்டாம். அம்மாவை எங்கடை வீட்டிலை பத்திரமாய்ப் பாப்பம் எண்டும் சொன்னவன்."

வாசல் கதவு திறந்தது. சிஞ்ஞோராவின் மகன் சிரித்தபடி சமையலறைக்குள் வந்தான்.

"விதுரனா? போனைக் கொஞ்சம் என்னிடம் தாருங்கள்," என்று இத்தாலிய மொழியில் கேட்டுக் கையை நீட்டினான்.