மணிக்கட்டில் ஒரு மஞ்சள் நூல்

அன்று டாக்டர் ஆர்னால்ட் உண்மையிலேயே இருமினாரா, இல்லை, பிறகு வந்த கசப்பில் நானே அவரை இரும வைத்துவிட்டேனா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இருமியதாகத்தான் நினைவிருக்கிறது. ஆனால் என் நினைவுக்கு அவர்மேல் கோபம் உண்டு.

நான் ஐசியுவில் ஆண் தாதி. மகள் வர்ஷாவின் இதய அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தால் தீ மிதிப்பதாக வேண்டிக்கொண்டிருந்தேன். முடிந்தது. சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலில், மஞ்சள் கிழங்குத் துண்டு கோத்த நூலை வலது மணிக்கட்டில் காப்பாகக் கட்டிக்கொண்டேன். தீ மிதித்த பிறகுதான் அதை அவிழ்க்கலாம். ஐசியுவிலோ முழங்கைக்குக் கீழே கடிகாரம்கூடக் கூடாது. எங்கள் அங்கிக்கு நீளக்கை, அதன்மேல் கையுறை. யாரும் கவனிக்கவில்லை. நானும் காட்டிக்கொள்ளவில்லை.

கவனித்தவர் ஐந்தாம் படுக்கை கோவிந்தசாமி மட்டும்தான். பைபாஸ் முடிந்து, சுவாசக் குழாய் எடுத்து, பேசத் தொடங்கியிருந்தார். நான் அங்கி மாட்டும்போது பார்த்துவிட்டார்.

"தீமிதியா தம்பி? எனக்கும் சேத்து வேண்டிக்க லா. இந்தக் கஞ்சியிலேருந்து விடுதலை வேணும்."

நோயாளிகளின் அருகே நாங்கள் எல்லாருமே பயந்தவர்கள். முகக்கவசம், அங்கி, கண்ணாடி. ஓய்வறைக் கதவைத் திறந்ததும் அந்தப் பயம் போய்விடும். தீபாவளி நெருங்கியதால் யாரோ தேக்கா சந்தையிலிருந்து முறுக்கு வாங்கி வந்திருந்தார்கள். எல்லாரும் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு ஒரே டப்பாவில் கைவிட்டார்கள். நான் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தேன்.

"என்ன மருது, ஒண்ணுகூட எடுக்கல?" என்றார் எங்கள் கன்சல்டன்ட், மூத்த மருத்துவர் டாக்டர் ஆர்னால்ட்.

"விரதம் டாக்டர். வெளிப் பலகாரம் கிடையாது."

"அப்ப உன் பங்கும் எனக்குத்தான் லா." சிரித்தார். சிரிப்பு இருமலானது.

என்னோடு ஷிஃப்ட் மாறி மாறி ஐந்தாம் படுக்கையைக் கவனித்த தாரணி, "ஃப்ளூவா டாக்டர்?" என்றாள்.

"ஏசி தூசி. நான் எம்சி லீவு எடுத்தா ரவுண்ட்ஸ் யாரு, நீயா போவ?"

எல்லாரும் சிரித்தோம்.

சில நாளில் தாரணிக்குக் காய்ச்சல். பிறகு கோவிந்தசாமிக்கு. சோதனையில் ஃப்ளூ. அவருக்கு மறுபடியும் சுவாசக் குழாய் போட்டார்கள். பக்கத்துப் படுக்கைக்காரருக்கும் வந்தது.

தொற்றுத் தடுப்புப் பிரிவிலிருந்து லீலா அக்கா வந்தார். கை கழுவும் இடத்தில் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இது என்ன மருது?"

"உங்களுக்குத் தெரியாதாக்கா?"

"எங்க அண்ணன் வருஷா வருஷம் மிதிச்சவரு. தெரிஞ்சுதான் கேக்குறேன். கை கழுவினா இந்த நூல் காயுதா?"

அது காயவே இல்லை. மஞ்சள் கிழங்குத் துண்டின் அடியில் தோல் ஊறிப்போயிருந்தது.

"எனக்கு டெஸ்ட் நெகட்டிவ்கா. டாக்டருக்கு எடுத்தீங்களா?"

லீலா அக்கா கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"காய்ச்சல் இல்லைன்னு சொல்லிட்டாரு. கன்சல்டன்ட் மூக்குல குச்சி விடணும்னா மேல இருந்து ஆர்டர் வரணும். உன் கை இங்க இருக்கு மருது."

"ஞாயித்துக்கிழமை தீமிதி. அதுவரைக்கும் லீவு குடுங்க."

"ஆளு ஏது? தாரணியும் படுத்துட்டா. அஞ்சாம் பெட்டை யாரு பாப்பா?"

கண்ணாடிக்கு அப்பால் கோவிந்தசாமி கிடந்தார். சளியை உறிஞ்சிக் குழாயைச் சுத்தம் செய்யும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. கட்டுப் போடும் கத்தரிக்கோலை எடுத்துக் காப்பை நானே அறுத்தேன். லீலா அக்கா கழிவுப் பையைத் திறந்து பிடித்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வீட்டில் என் மனைவி சுஷ்மிதா என் வெறும் கையைப் பார்த்தாள். "அறுத்துட்டீங்களா?" என்றாள். வர்ஷாவை அழைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

காப்பு இல்லாமல் தீ மிதிக்க முடியாது; அந்த ஞாயிறு வேலைக்குப் போனேன். அடுத்த வாரக் கூட்டத்தில் டாக்டர் ஆர்னால்ட் பேசினார். எல்லாச் சமயங்களையும் மதிப்பதாகவும், ஆனால் நோயாளியின் உயிரைவிட நூல் பெரிதல்ல என்றும் சொன்னார். முகக்கவசத்தை மூக்கோடு அழுத்திப் போட்டிருந்தார். யாரும் என்னைப் பார்க்கவில்லை. அவர் சொன்னது தவறும் இல்லை.

கோவிந்தசாமி தீமிதிக்கு மறுநாள் இறந்திருந்தார். பக்கத்துப் படுக்கைக்காரர் பிழைத்து பூன் லேயில் உள்ள தன் வீட்டுக்குத் திரும்பினார். தாரணி வேலையை விட்டுவிட்டாள். லீலா அக்கா ஓய்வு பெற்றுவிட்டார். டாக்டர் ஆர்னால்ட் இப்போது பிரிவின் தலைவர். வர்ஷா நன்றாக இருக்கிறாள், பள்ளிக்குப் போகிறாள். நான் அதே ஐசியுவில் வேலை பார்க்கிறேன். அதன்பின்னும் நான் தீ மிதிக்கவில்லை.