நாமா, நாங்களா

சலவைக்கூடத்தில் அவளுக்கு டிக்சனரி என்று பெயர். வைத்தவர்கள் கேலிக்குத்தான் வைத்தார்கள். அவளோ பட்டம் கொடுத்தது போல வாங்கி வைத்துக்கொண்டாள். ஓட்டல்களிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து அனுப்பும் இடம் அது. மடிப்பு மேசையில் நின்றபடி, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, போனில் வரும் அலுவலக ஆங்கிலப் பாடத்தைக் கேட்டுக்கொண்டே மடிப்பாள். ஓட்டல்காரர்களுடன் போனில் பேசும் முன்மேசை வேலைக்கு ஆங்கிலம் தெரிந்த ஆள் வேண்டும். அந்த நாற்காலி மேல் அவளுக்கு ஒரு கண்.

பாடத்தில் படித்ததை வீட்டில் ஒத்திகை பார்ப்பாள். சாப்பாட்டில் உப்பு இல்லை என்று கணவன் முகம் சுளித்தால், ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு அவளே அர்த்தமும் சொல்வாள். சமைத்தது ஒருத்தி, வருந்துவது எத்தனை பேர் என்று அவன் கேட்பான். ஆபீஸில் எல்லாவற்றுக்கும் 'வீ' என்றுதான் சொல்ல வேண்டும், அதுதான் மரியாதை என்பாள்.

அந்த வீட்டில் மூன்றாவது ஆள் அவன் தங்கை. கட்டினவனோடு ஒத்துவராமல் அண்ணன் வீட்டுக்கு வந்து, முன்னறையில் படுத்துக்கொள்பவள். அதே சலவைக்கூடத்தில் இஸ்திரி எந்திரத்தில் வேலை. அண்ணிக்கும் நாத்தனாருக்கும் சண்டை என்று ஒன்றும் கிடையாது. ஆனால் ஒரே அலமாரி, ஒரே குளியலறை. ஒருத்தி பெருமூச்சு விட்டால் இன்னொருத்தி காதில் விழும். தனக்கென்று ஓர் அறை வேண்டும் என்பது நாத்தனாரின் ஆசை. அவளுக்கு ஓர் அறை கிடைத்துவிட வேண்டும் என்பது டிக்சனரியின் ஆசை. அந்த நேரம் பார்த்து, ஓர் ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலையும் தங்குவதற்கு அறையும் தருவதாக நாத்தனாருக்குத் தகவல் வந்தது. வாரக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

இதற்கிடையில் சலவைக்கூடம் கைமாறியது. புது நிர்வாகத்திலிருந்து மேலாளர் அம்மாள் ஒருவர் வந்தார். எந்திரங்களை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஆவி அடங்காத கூடத்தின் நடுவில் நின்று ஆங்கிலத்தில் பேசினார். சிரித்த முகம். பேச்சு முடிந்ததும் எல்லோரும் டிக்சனரியைப் பார்த்தார்கள். இந்த நாளுக்காகத்தானே அவள் இத்தனை விரிப்புகளை மடித்தாள்.

தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னாள்: "நாம புது இடத்துக்குப் போறோம். பெரிய கட்டடம், எல்லாம் புது மெஷினு. வேலை செய்யறவங்க தங்குறதுக்கு ரூமும் கட்டியிருக்காங்களாம். இவ்வளவு நாள் உழைச்சதுக்கு நன்றி சொல்றாங்க. நல்லா இருங்கன்னு வாழ்த்துறாங்க."

கூடமே கைதட்டியது. மேலாளர் அம்மாள் அதைக் கேட்டுக் கொஞ்சம் திகைத்தது போலத் தெரிந்தது. தான் நன்றாக மொழிபெயர்த்ததைக் கண்ட திகைப்பு என்று டிக்சனரி எடுத்துக்கொண்டாள்.

ரூம் என்ற சொல் நாத்தனாரைப் பிடித்துக்கொண்டது. பழகின வேலை, பழகின ஆட்கள், கூடவே ஓர் அறை, ஆஸ்பத்திரி எதற்கு? பின்கட்டில் நின்று, அந்த வேலை வேண்டாம் என்று சொல்லச் சொல்லி அண்ணியிடம் போனை நீட்டினாள். டிக்சனரி ஆஸ்பத்திரிக்குப் பேசினாள். வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம் என்ற தொடரை முதன்முதலாக வெளி ஆளிடம் சொன்னாள். ஒரு தடங்கல் இல்லாமல் வந்தது. அன்று முழுக்க அவளுக்குக் கால் தரையில் படவில்லை.

மறுநாள் காலை பஸ்ஸில் புதுப் பாடம். விடைகொடுக்கும்போது சொல்லும் தொடர்கள். 'வீ விஷ் யூ ஆல் தி பெஸ்ட்': வேலையை விட்டுப் போகிறவர்களிடம் நிர்வாகம் சொல்வது என்று போனில் இருந்த குரல் விளக்கியது. மேலாளர் அம்மாள் கடைசியாகச் சொன்னது அதேதான். கூடவே வருகிறவர்களுக்கு எதற்கு விடைகொடுக்க வேண்டும்? தமிழில் எதிரே நிற்பவரையும் சேர்த்துக்கொண்டால் 'நாம'. வெளியே நிறுத்திவிட்டால் 'நாங்க'. வாயைத் திறந்தாலே தெரிந்துவிடும். இந்த ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'வீ' ஒன்றுதான். ஒன்றைச் சொல்ல வேண்டிய இடத்தில் அவள் மற்றதைச் சொல்லிவிட்டாளோ?

நேரே மேலாளர் அறைக்குப் போனாள். பாடத்தில் படித்த பணிவான தொடர் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"மேடம், வீ ஆர் மூவிங் சொன்னீங்களே. வித் அஸ்? ஆர் விதவுட் அஸ்?"

அந்த அம்மாள் பேனாவை மூடி வைத்தார். ஐ ஆம் அஃப்ரெய்டு என்று தொடங்கினார். அது பயத்தைச் சொல்வதல்ல, இல்லை என்பதற்கு முன்னால் போடுகிற சொல் என்று டிக்சனரி எப்போதோ படித்துவிட்டாள். மிச்சத்தைக் கேட்கவே தேவையிருக்கவில்லை. ஆனாலும் முழுவதையும் நின்று கேட்டாள். புது இடத்தில் எந்திரமே இஸ்திரி போட்டு மடித்துவிடும். அந்த அறைகள் எந்திரம் ஓட்ட வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு.

கூடத்துக்கு வந்து இஸ்திரி எந்திரங்களை நிறுத்தச் சொன்னாள். எல்லோரும் மறுபடியும் ஏதோ நல்ல சேதி என்று சிரித்துக்கொண்டே கூடினார்கள். அந்தச் சிரிப்பைப் பார்க்க அவளுக்கு அவமானமாக இருந்தது.

"நான் தப்பா சொல்லிட்டேன். அவங்க சொன்னது 'நாம' இல்ல, 'நாங்க'."

அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. யாரோ, டிக்சனரியில் அச்சுப்பிழை என்றார்கள். சிரிக்கத்தான் ஆளில்லை.

நாத்தனார் போனை எடுத்துக்கொண்டு வந்தாள். அந்த வேலை இன்னும் இருக்கிறதா என்று கேட்கச் சொல்லி நீட்டினாள். டிக்சனரி ஆஸ்பத்திரிக்குப் பேசினாள். இந்த முறை நாக்கு குழறியது. மறுமுனையில் இருந்தவர் மிகுந்த மரியாதையுடன் நீளமாகப் பேசினார். உங்கள் விவரங்கள் எங்களிடம் இருக்கும், வாய்ப்பு வரும்போது கட்டாயம் நினைவில் கொள்வோம், தொடர்பு கொண்டதற்கு நன்றி.

"என்ன அண்ணி சொன்னாங்க?"

இனிப்பாகச் சொல்ல எத்தனையோ வழி இருந்தது. பாடம் பாடமாகப் படித்திருந்தாள்.

"இல்லைன்னுட்டாங்க."

நாத்தனார் போனை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். கண் கலங்கியது, ஆனால் அழவில்லை. மேசையில் குவிந்து கிடந்த விரிப்புகளில் ஒன்றை இழுத்தாள். ஒற்றை ஆளால் மடிக்க முடியாத பெரிய விரிப்பு. இரண்டு நுனிகளை அண்ணி பக்கம் தள்ளினாள்.

"அப்ப நாம கொஞ்ச நாளைக்கு ஒரே வீட்டுலதான்" என்றாள். "பிடிங்க."