மூன்றாம் நம்பர் வண்டிக்குக் கேட்டது

போலீஸ் தலைமை அலுவலகத்தின் மாடியில் உடைந்த நாற்காலிகள் கிடந்த அறையைக் காலி செய்து, ரேடியோ பிரிவு என்று பலகை மாட்டியிருந்தார்கள். ஒரு மேஜை, ஒரு மைக், ஒரு டெலிபோன், எதிரொலி வராமல் இருக்கச் சுவரெல்லாம் ஆணியடித்த கம்பளிகள். அங்கே உட்கார்ந்து பேசுகிறவனைக் கம்பி என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். தந்தி ஆபீஸிலிருந்து வந்தவனுக்கு வேறென்ன பட்டப்பெயர் கிடைக்கும்?

அதற்கு முன் ரோந்து வண்டிகள் மணிக்கொரு தடவை தெருமுனை டெலிபோனில் கூப்பிட்டால்தான் உண்டு. நடுவில் ஊர் பற்றி எரிந்தாலும் அவர்களுக்குத் தெரியாது. கம்பி மூன்று வருஷம் மனு மேல் மனு எழுதி, ஐந்து வண்டிகளில் ரேடியோப் பெட்டி வைக்க வைத்தான். ஒரே ஒரு குறை, பேச்சு ஒருவழிதான். அவன் பேசுவது வண்டியில் கேட்கும். வண்டியிலிருந்து பதில் பேச முடியாது.

அந்தக் குறைதான் மீசைக்கு வசதியாகப் போயிற்று. மீசை மூன்றாம் நம்பர் வண்டியின் ஏட்டு, கம்பியின் அக்கா புருஷன். "பொண்ணு குடுத்த வீட்டுப் பய மாடியில உக்காந்துகிட்டு எனக்கு உத்தரவு போடுறானா?" என்று ஸ்டேஷன் ஸ்டேஷனாகச் சொல்லித் திரிந்தார். கம்பி தொண்டை கிழியக் கத்தினாலும் அவர் வண்டி நகராது. கேட்டால், "ஒண்ணும் கேக்கலையே, கொரகொரன்னு சத்தம்தான் வந்துச்சு" என்பார். மற்ற வண்டிக்காரர்களும் சில நாள் அதே பாட்டைப் பாடினார்கள். தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குவதுபோல் நடிக்கிறவனை யார் எழுப்புவது? இத்தனைக்கும் வீட்டு ரேடியோவில் முள்ளைக் கொஞ்சம் தள்ளித் திருப்பினால் கம்பியின் குரல் பளிச்சென்று கேட்டது. வேலைவெட்டி இல்லாதவர்கள் பாட்டை விட்டுவிட்டு அதைத்தான் கேட்டார்கள். ஊருக்கே கேட்டது, மீசைக்குக் கேட்கவில்லை!

கமிஷனர் ஒரு மாதம் கெடு வைத்திருந்தார். "வெள்ளிக்கிழமையோட முடியுது. அதுக்குள்ள வேலை செய்யலைன்னா பெட்டியெல்லாம் கழட்டிடுவேன். நீ தந்தி ஆபீஸுக்கே போயிடு."

வியாழக்கிழமை ஒரு கடைக்காரரை இரண்டு பேர் போட்டு அடித்தார்கள். அடுத்த தெருவில்தான் மூன்றாம் நம்பர் நின்றது. கம்பி ஆறு தடவை கூப்பிட்டான். கடைக்காரருக்கு இரண்டு பல் போனதுதான் மிச்சம்.

மாலையில் மீசை மாடியேறி வந்தார். "என்ன மச்சான், பெட்டி இன்னிக்கும் படுத்துடுச்சா?"

"உங்க காது நல்லா இருக்குன்னு நாளைக்குக் காட்டுறேன் அத்தான்" என்றான் கம்பி. அவனுக்கு ரத்தம் கொதித்தது. அந்தக் கொதிப்பில்தான் புத்தி கெட்டது.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு, காரணம் சொல்லாமல், கமிஷனரை மீசை வீட்டுத் தெருமுனையில் நிற்கச் சொன்னான். பிறகு மைக்கை இழுத்தான். "மூன்றாம் நம்பர் வண்டி. ஏட்டு வீட்டில் தீ. மனைவி உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறார்." தெருப்பெயரோடு மூன்று தடவை சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்து மிதித்தான். இதைக் கேட்கவில்லை என்று எந்த மனுஷன் சொல்வான்?

அக்கம்பக்கத்தாரும் வீட்டு ரேடியோவில் கேட்பார்கள் என்று அவன் நினைத்தே பார்க்கவில்லை. அவன் போய்ச் சேர்ந்தபோது, மத்தியானத் தூக்கத்தில் இருந்த அக்கா என்னவென்று கேட்பதற்குள் கதவைக் கோடாலியால் பிளந்து, அவளைத் தரதரவென்று வெளியே இழுத்துப் போட்டு, வீடெல்லாம் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். அரிசி மூட்டை, மெத்தை, துணி எல்லாம் நனைந்து கிடந்தன. சுவர்க்கடிகாரத்தைக் காணோம். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று எவனோ கொண்டுபோய்விட்டான், இங்கே எரியவே இல்லை என்றாலும்.

ஊரின் மறுகோடியிலிருந்து ஐந்தாம் நம்பர் வண்டி ஒன்பது நிமிஷத்தில் பறந்து வந்தது. மூன்றாம் நம்பர் முக்கால் மணி கழித்து ஆடி அசைந்து வந்தது.

"என்ன கூட்டம்?" என்று இறங்கினார் மீசை. "எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

கமிஷனர் டிரைவரைப் பார்த்தார். "கேட்டுச்சுங்கய்யா. மூணு தடவையும் கேட்டுச்சு. 'உங்க வீடுன்னு சொல்றாங்களே, போலாம் ஏட்டய்யா'ன்னு வண்டியைத் திருப்பினேன். 'இன்னிக்குக் கடைசி நாள். இப்பப் போனா அவன் ஜெயிச்சுடுவான், பேசாம நில்லு'ன்னு சாவியைப் பிடுங்கிட்டார்."

கமிஷனர் மீசையின் தொப்பியைக் கழற்றி வாங்கிக்கொண்டார். "பெட்டி வேலை செய்யுது. இருக்கட்டும்" என்று கம்பியிடம் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். மூன்று வருஷமாக எதற்காக நாயாய் அலைந்தானோ அது கிடைத்துவிட்டது. கம்பி அக்காவைத் திரும்பிப் பார்த்தான்.

அக்கா ஈரப் புடவையோடு, சிராய்த்த முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தீ எங்கடா?"

"தீ இல்லக்கா. அத்தானை வரவைக்கத்தான்..."

அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நான் உள்ளே எரியுறேன்னு நீ ஊருக்கே சொன்னே. அதைக் கேட்டுட்டு இவரு வண்டியில உக்காந்திருந்தாரு."

"அது பொய்னு எனக்குத் தெரியும்டி" என்றார் மீசை.

"எப்படித் தெரியும்?"

மீசை தொப்பியில்லாத தலையைத் தடவினார்.

அக்கா உள்ளே போனாள். பிளந்து கிடந்த கதவைத் தானே தூக்கி வாசலில் சாத்தினாள். இருவரும் உதவிக்குக் கை நீட்டினார்கள். அவள் இரண்டு கைகளையும் தட்டிவிட்டு, உள்ளிருந்து கட்டிலை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தாள்.