திறப்புக் கொத்து

பின்னேரத் தொழுகைக்கான அஸர் பாங்குக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. ஸைனுலாப்தீன் ஹாஜியார் தன் பழைய மொரிஸ் மைனரை ஜெட்டி வீதியில், ஜெமீலின் கராஜுக்குச் சற்று முன்பாக ஓரங்கட்டினார். உள்ளே விட மனம் வரவில்லை.

அந்தக் கார் ஓடும்போதே நின்றுவிடும். பள்ளத்தில் இறங்கினால் நிற்கும். வேகத்தடையில் ஏறினால் நிற்கும். திறப்பை நுழைத்துத் திருகி இயந்திரத்தை எழுப்பும் சுவிச் தேய்ந்துவிட்டதென்று ஜெமீல் புதிது வாங்கிப் பூட்டினான். மறுநாளே சீனன்குடாச் சந்தியில் நின்றது. திரும்பவும் கராஜுக்குக் கொண்டுவந்தார். ஜெமீல் ஊரைச் சுற்றி ஓட்டிப் பார்த்தான், நிற்கவில்லை. பிழை ஒன்றுமில்லை என்றான். அவர் வீட்டுக்குப் போகும் வழியில் நின்றது. இப்படியே பல தடவை.

ஹாஜியாருடைய கார் வேகத்தடைக்கெல்லாம் நின்று ஸலாம் சொல்கிறது என்று மீன்காரர்கள் சிரித்தார்கள். அவர் பள்ளிவாசல் தலைவர். சிரிப்புக்கு ஆளாகிப் பழக்கமில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து சனம் முற்றத்தில் செருப்புத் தேடிக்கொண்டிருந்தபோது, ஜெமீலுக்கும் கேட்கும்படி சொன்னார்:

"பழைய சுவிச்சத் துடைச்சுப் பூட்டிப்போட்டுப் புதுசெண்டு சொல்லுறவன்தான் இஞ்ச முன்வரிசையில நிண்டு தொழுறான்."

யாரோ சிரித்தார்கள். ஜெமீல் குனிந்து செருப்பை எடுத்துக்கொண்டு போனான். பிறகு அவன் தொழுகைக்கு வேறு பள்ளிக்குப் போவதாகக் கதை வந்தது. அவனிடம் வான் வண்டி திருத்தியவர்களும் வேறு கராஜ் பார்த்துக்கொண்டார்கள். தலைவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

இன்று காலை, தொழுமுன் கைகால் கழுவும் ஹவுளுக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டர் அறையைத் திறக்கவேண்டுமென்று, பாங்கு சொல்லும் மோதினார் வந்து கேட்டார். ஹாஜியார் கார்த் திறப்பை மட்டும் கழற்றிக்கொண்டு கொத்தைக் கொடுத்தார். சீனன்குடாவுக்குப் போனார். சந்தி வேகத்தடையில் வழக்கம்போல் மூச்சைப் பிடித்தார். கார் நிற்கவில்லை. திரும்பும்போதும் நிற்கவில்லை.

பள்ளிக்கு வந்து கொத்தை வாங்கி மாட்டினார். தெரு முனைப் பள்ளத்தில் கார் நின்றது.

குனிந்து பார்த்தார். பெருங்கதவு, உண்டியல், மோட்டர் அறை, இறந்தவரைச் சுமக்கும் சந்தூக்கு வைக்கும் அறை என்று பள்ளிவாசலின் எல்லாத் திறப்புகளும் ஒரே வளையத்தில், சுவிச்சிலிருந்து தொங்கி ஆடிக்கொண்டிருந்தன. காரை மறுபடி எடுத்தார். கொத்தைக் கீழே இழுத்து விட்டார். நின்றது. கையில் ஏந்திக்கொண்டு எடுத்தார். நிற்காமல் ஓடியது.

அந்தக் கொத்தைப் பள்ளி ஆட்களைத் தவிர எவர் கையிலும் அவர் கொடுப்பதில்லை. கராஜில் காரை விடும்போதெல்லாம், ஜெமீலின் முன்னால் நின்று, கார்த் திறப்பைத் தனியே கழற்றிக் கொடுப்பார். ஆகவே ஜெமீல் ஓட்டியபோது கார் ஒருநாளும் நிற்கவில்லை. அவன் பொய் சொல்லவுமில்லை.

இப்போது கொத்து அவருடைய ஜுப்பாப் பைக்குள் கிடந்தது. நாளை வெள்ளிக்கிழமை. அதே முற்றத்தில், அதே சனத்தின் முன்னால் சொல்லவேண்டும். அதற்கு முதல் அவனிடம் சொல்லவேண்டும். வசனத்தை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். காரைக் கராஜுக்குள் விட்டார்.

கராஜ் வெறுமையாகக் கிடந்தது. ஜெமீல் எழுந்து வந்து ஸலாம் சொன்னான். உட்காரக் கதிரையைத் துடைத்துப் போட்டான். அவர் காரை விட்டிறங்கினார், கதிரையில் இருக்கவில்லை. இருந்தால் பை கிலுங்கும்.

"சுவிச்ச இன்னொருக்கா மாத்தோணும் தம்பி," என்றார். அந்த வசனம் வரவில்லை. இதுதான் வந்தது. "எவ்வளவெண்டாலும் பரவாயில்ல."

ஜெமீல் தலையாட்டினான். வழக்கப்படி, திறப்பைக் கழற்றித் தருவார் என்று கையை நீட்டிக்கொண்டு நின்றான். அவர் அசையவில்லை. அவன் காருக்குள் எட்டிப் பார்த்தான். இயந்திரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. சுவிச்சில் ஒற்றைத் திறப்பு ஆடாமல் நின்றது.

அவன் அதை விரலால் தொட்டான். பிறகு, கனத்தில் ஒருபக்கம் இழுபட்டுத் தொங்கிய அவருடைய ஜுப்பாவைப் பார்த்தான்.

"இண்டைக்குக் கொத்தக் கழட்டிப்போட்டா ஓட்டிக்கொண்டு வந்தீங்க, ஹாஜியார்?"